கேள்வி – பதில்: விக் வைப்பரின் நாற்பது ஆண்டுகள்

சென்ற இதழில், "மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ" என்னும் பொத்தான் வரிசை எந்த வீடியோ விளையாட்டில் முதன்முதலில் வந்தது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். "கிராடியஸ்" என்று ஒரே சொல்லில் விடை எழுதியிருந்தோம். அந்த ஒரு சொல் போதவில்லை என்பதை அதன்பின் வந்த கடிதங்கள் உணர்த்தின. எனவே இம்மாதப் பகுதி முழுவதையும் அந்த விளையாட்டுத் தொடருக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

தி. ச., கோண்டாவில்: பழைய கசெட் ரீவி கேமில் கொன்ரா விளையாடத் தொடங்கும்போது, என் ஒன்றுவிட்ட அண்ணா அந்தப் பொத்தான்களைக் கண் மூடித் திறப்பதற்குள் அழுத்தி முப்பது உயிர் எடுத்துவிடுவார். அது கொன்ராவுக்கே உரியது என்றல்லவா இதுவரை எண்ணியிருந்தேன்? கிராடியஸுக்கும் கொன்ராவுக்கும் என்ன உறவு?

இரண்டையும் வெளியிட்டது யப்பானின் கொனாமி நிறுவனம். 1969இல் ஒசாக்காப் பகுதியில், காசு போட்டால் பாட்டுக் கேட்கக்கூடிய ஜூக்பொக்ஸ் பெட்டிகளை வாடகைக்கு விட்டும் பழுதுபார்த்தும் தொழில் தொடங்கிய அந்த நிறுவனம், பின்னர் காசு போட்டு விளையாடும் இயந்திரங்களைச் செய்யத் தொடங்கியது. அவ்வாறு வந்த ஆர்கேட் இயந்திரங்களுள் ஒன்றுதான் 1985 மே 29 அன்று வெளியான கிராடியஸ். விக் வைப்பர் என்ற ஒற்றை விண்கலம், இடமிருந்து வலமாக நகரும் திரையில் எதிரிக் கூட்டங்களைச் சுட்டு வீழ்த்திக்கொண்டு செல்வதே அதன் கதை.

மறு ஆண்டு அதனை நிண்டெண்டோவின் ஃபமிகொம் என்ற வீட்டுக் கருவிக்கு மாற்றியமைக்கும் பொறுப்பு கசுஹிசா ஹஷிமோட்டோ என்பவரிடம் வந்தது. செய்யும் விளையாட்டைச் செய்பவரே விளையாடிப் பார்த்துச் சோதிக்க வேண்டும் அல்லவா? கிராடியஸோ மிகக் கடினமானது. தாம் அதில் தேர்ந்தவர் அல்லர் என்பதை அவரே பிற்காலப் பேட்டிகளில் ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறார். ஆகவே, விளையாட்டை இடைநிறுத்தி இந்த வரிசையை அழுத்தினால் கலத்துக்கு ஏறத்தாழ எல்லா ஆயுதங்களும் ஒரேயடியாகக் கிடைக்கும்படி, தம் வசதிக்காகவும் எளிதில் நினைவில் நிற்கவும் அமைத்துக்கொண்டார். அது வெளியீட்டுப் பதிப்பிலும் தங்கிவிட்டது. 1988இல் வீட்டுக் கருவிக்கு வந்த கொன்ராவில் அதே வரிசையைத் தலைப்புத் திரையில் அழுத்தினால் மூன்று உயிருக்குப் பதிலாக முப்பது உயிர் கிடைத்தது. கிராடியஸை அறியாத நாடுகளிலும் அந்த வரிசை பரவியதற்குக் கொன்ராவே காரணம். உங்கள் அண்ணாவின் கைக்கு அது வந்து சேர்ந்த வழியும் அதுதான். ஹஷிமோட்டோ 2020 பெப்ரவரியில் காலமானபோது, அவரது பெயரை அதுவரை கேள்விப்படாதவர்களும் அந்தப் பத்துப் பொத்தான்களையே அஞ்சலியாக எழுதினார்கள்.

இன்னுமொரு குறும்பையும் சொல்ல வேண்டும். ஃபமிகொமுக்கு அடுத்து நிண்டெண்டோ வெளியிட்ட சூப்பர் ஃபமிகொமுக்கு வந்த மூன்றாம் கிராடியஸில், பழைய நினைவில் அதே வரிசையை அழுத்துபவரின் கலம் ஆயுதங்களைப் பெற்ற கையோடு வெடித்துச் சிதறிவிடும். இடம், வலம் என்பவற்றுக்குப் பதிலாகக் கருவியின் தோட்பட்டையிலுள்ள எல், ஆர் பொத்தான்களை அழுத்தினால்தான் பலன் உண்டு.

பொறியியற் பீட மாணவர் ஒருவர், கிளிநொச்சி: முதலாவது கிராடியஸ் "குமிழி நினைவகம்" என்ற ஒன்றில் இயங்கியதாகப் படித்தேன். அது உண்மையா? அப்படியாயின் அந்தத் தொழில்நுட்பம் ஏன் மறைந்தது?

உண்மைதான். காந்தத் தன்மையுள்ள மிக மெல்லிய படலம் ஒன்றில், எதிர்த் திசையில் காந்தமேற்றப்பட்ட நுண்ணிய வட்டப் பகுதிகளை உருவாக்கி, சுழலும் காந்தப் புலத்தினால் அவற்றை வரிசையாக நகர்த்துவதே அந்த முறை. அந்த வட்டப் பகுதிகளுக்குத்தான் குமிழி என்று பெயர். ஓரிடத்தில் குமிழி இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூச்சியம். மின்சாரம் நின்றாலும் தரவு அழியாது. அசையும் உறுப்பு எதுவும் இல்லாததால் தேய்மானமும் இல்லை. 1970களில் இதுவே வருங்காலத்தின் நினைவகம் என்று பெரிய நிறுவனங்கள் பலவும் நம்பின. கொனாமியும் நம்பியது. ஒரே இயந்திரத்தில் நினைவகத்தை மட்டும் மாற்றி வேறொரு விளையாட்டைப் போடலாம் என்பது கடைக்காரருக்குச் சொல்லப்பட்ட வசதி.

இடையூறு வெப்பத்தில் வந்தது. குறிப்பிட்ட அளவு சூடேறினால்தான் குமிழி நினைவகம் சரியாக வேலை செய்யும். ஆகவே காலையில் கடையைத் திறந்து இயந்திரத்தை இயக்கியதும் விளையாட்டு வராது. உள்ளே சூடேறும்வரை திரையில் எண்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வர, மெல்லிய இசையொன்று ஒலித்துக்கொண்டிருக்கும். "காலை இசை" என்று விசிறிகள் அழைக்கும் அந்தச் சிறு மெட்டை இன்றும் தேடிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு தொழில்நுட்பக் குறைபாட்டை மறைக்கப் போட்ட இசைக்கு இரசிகர்கள் வாய்த்தது வேறெங்கும் நடந்திருக்குமா என்பது ஐயமே. வெளியிலிருந்து வரும் காந்தப் புலங்களாலும் அந்த நினைவகம் எளிதில் பழுதுபட்டது. இதற்கிடையில் சாதாரண சிலிக்கன் நினைவகங்கள் மலிவாகிவிட, வன்தட்டுகளும் கொள்ளளவில் முந்திச் செல்ல, குமிழி நினைவகத்துக்குச் சந்தையில் இடம் இல்லாமற் போயிற்று. கொனாமியும் வழக்கமான சில்லுகளுக்கே திரும்பியது.

விளையாட்டின் இசையைப் பற்றியும் ஒரு வரி: கிராடியஸின் இசையை அமைத்த மிக்கி ஹிகஷினோ அப்போது ஒரு மாணவி.

ப. நி., நல்லூர்: நெமெசிஸ், கிராடியஸ் இரண்டும் ஒன்றா?

ஒன்றே. யப்பானுக்கு வெளியே ஆர்கேட் இயந்திரம் நெமெசிஸ் என்ற பெயரில் விற்கப்பட்டது. அதேபோல இரண்டாம் கிராடியஸ் ஐரோப்பாவில் வல்கன் வென்ச்சர் ஆயிற்று. இதன் கிளை விளையாட்டான சலமாண்டர் அமெரிக்காவில் லைஃப் போர்ஸ் ஆயிற்று. எம்எஸ்எக்ஸ் கணினிக்கு 1987இல் வந்த "கிராடியஸ் 2" மட்டும், ஆர்கேட்டில் 1988இல் வந்த இரண்டாம் கிராடியஸிலிருந்து முற்றிலும் வேறான விளையாட்டு.

வ. கு., ஓய்வுபெற்ற ஆசிரியர், பருத்தித்துறை: ஐயா, விண்கலம் சுடுகிறது, எதிரி விழுகிறான். 1978இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸும் இதைத்தானே செய்தது? இதில் நாற்பது ஆண்டு பேசுவதற்கு என்ன இருக்கிறது?

நியாயமான கேள்வி. இதற்கு விடை சொல்லக் கொஞ்சம் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

டைட்டோ நிறுவனத்தின் டொமொஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸில் கலம் திரையின் அடியில் இடமும் வலமும் மட்டுமே நகரும்; பின்புலம் அசையாது. மறு ஆண்டு நம்கோ வெளியிட்ட கலக்ஸியனில் எதிரிகள் வரிசை குலைந்து பாய்ந்து வரத் தொடங்கினார்கள். கொனாமி 1981இல் வெளியிட்ட ஸ்கிராம்பிளில் திரையே தானாக வலப்புறம் நோக்கி ஓடத் தொடங்கியது. மலை, குகை, உயர்ந்த கட்டடங்கள் என்று நிலம் மாறிக்கொண்டே வரும். முன்னே சுடலாம், கீழே குண்டு போடலாம். கூடவே எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கும். தரையிலுள்ள எரிபொருள் தாங்கிகளை அழித்தால்தான் அது நிரம்பும். எதிரியோடு மோதுவது மட்டுமன்றி, எதை முதலில் கவனிப்பது என்று தீர்மானிப்பதும் விளையாட்டின் ஒரு பகுதியானது இங்கேதான். ஹிரோயசு மச்சிகுச்சியும் அவருடைய குழுவினரும் கிராடியஸைத் தொடங்கியபோது, அதனை ஸ்கிராம்பிளின் இரண்டாம் பாகமாகவே எண்ணித் தொடங்கினார்கள்.

அந்த எண்ணத்திலிருந்து பிறந்ததுதான் திரையின் அடியில் உள்ள ஆறு கட்டங்கள். வேகம், மிசைல், டபிள் (முன்னும் மேலும் ஒருங்கே சுடுவது), லேசர், ஒப்ஷன் (கலத்தோடு கூடச் சுடும் உருண்டை), கடைசியில் ஒரு கேள்விக்குறி. கேள்விக்குறி என்பது பாதுகாப்புக் கவசம். சில எதிரிக் கூட்டங்களை ஒன்றுவிடாமல் அழித்தால் ஒரு செந்நிறக் குளிகை மிஞ்சும். அதை எடுத்தவுடன் ஆயுதம் எதுவும் கிடைக்காது. கட்டங்களின் மேல் உள்ள வெளிச்சம் ஒரு படி முன்னே நகரும், அவ்வளவுதான். ஒரு குளிகையில் வேகம், இரண்டில் மிசைல், ஐந்து சேர்ந்தால் ஒப்ஷன். எந்தக் கட்டத்தில் பொத்தானை அழுத்துகிறீர்களோ அது உங்களுடையது. வெளிச்சம் மீண்டும் ஆரம்பத்துக்குப் போய்விடும்.

இதை அருகில் நின்று பாருங்கள். நான்கு குளிகை கையில் இருக்கிறது, வெளிச்சம் லேசரில் நிற்கிறது. இன்னும் ஒன்று கிடைத்தால் ஒப்ஷன் வாங்கலாம். ஆனால் அந்த ஒன்று எரிமலையின் வாய்க்கு அருகே மிதக்கிறது. இப்போதே லேசரை வாங்கிக்கொண்டு பாதுகாப்பாகப் போவதா, அல்லது ஆபத்தில் இறங்குவதா? வேகத்தை இரண்டு முறை வாங்கினால் கலம் கைக்கு இதமாக இருக்கும். நான்கு முறை வாங்கினால் குறுகிய குகையில் சுவரில் மோதிச் சாகலாம். டபிளும் லேசரும் ஒருங்கே இருக்க முடியாது. ஒன்றை எடுத்தால் மற்றது போய்விடும். சுடுவது விரலின் வேலையாக இருக்க, மனம் முழுவதும் இந்தக் கணக்கில் கிடக்கும். அதற்கு முன் வந்த சுடும் விளையாட்டுகளில் ஆயுதத்தைத் தருவது விளையாட்டு. இங்கே தெரிவு செய்வது விளையாடுபவர்.

ஒப்ஷனைப் பற்றித் தனியே சொல்லாவிட்டால் விடை நிறைவடையாது. அது ஒளிவிடும் ஓர் உருண்டை. கலம் சுடும்போது தானும் சுடும். எந்தக் குண்டாலும் அதனை அழிக்க முடியாது. ஊசி போன வழியே நூல் போவதுபோல, கலம் சென்ற பாதையை அடியொற்றியே செல்லும். கலம் நின்றால் அதுவும் நின்றுவிடும். நான்கு ஒப்ஷன்கள் சேர்ந்தபின் கலத்தை மேலும் கீழும் ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்தினால், ஐந்து துப்பாக்கிகள் திரையின் ஐந்து உயரங்களில் நின்று சுடும். கலம் போக முடியாத மூலைக்குள் உருண்டைகளை முன்கூட்டியே நிறுத்திவைத்து எதிரியைக் கொல்லும் வித்தை தேர்ந்தவர்களுக்குக் கைவந்தது. சும்மா திரிந்து சுடுவதற்கும் இதற்கும் உள்ள தூரம் அதிகம், ஐயா.

ச. யோ., சுன்னாகம்: கணினியில் கிராடியஸை விளையாடிப் பார்த்தேன். ஒருமுறை இறந்துவிட்டால் எல்லா ஆயுதமும் போய்விடுகிறது. அதன்பின் ஒரு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. இது வடிவமைப்பின் பிழை இல்லையா?

உங்கள் முறைப்பாடு புதியதல்ல; தொடரின் வரலாற்றில் பெரும்பங்கு இந்த முறைப்பாட்டுக்குச் சொல்லப்பட்ட பதில்களாகவே அமைந்திருக்கிறது.

பிழை என்பதைவிட, காசுக் கணக்கு என்பது பொருந்தும். ஆர்கேட் கடைக்காரருக்கு ஒரு 100 யென் நாணயத்தில் ஒருவர் எவ்வளவு குறைந்த நேரம் நிற்கிறாரோ அவ்வளவு வருமானம். தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் ஒரே நாணயத்தில் மணிக்கணக்காக நின்றால் கடை நொடித்துவிடும். ஆகவே உங்கள் கலம் எவ்வளவு பலம் பெறுகிறதோ, எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கிறதோ, அதற்கேற்ப எதிரிகளும் கடுமையாகும்படி கிராடியஸ் அமைக்கப்பட்டது. இறந்தால், பலம் எல்லாம் இழந்து, கடந்துவந்த பாதையின் ஒரு குறித்த புள்ளியிலிருந்து, வெறுங்கலமாகத் தொடங்க வேண்டும். விளையாட்டின் முதல் நிலையில் இது தாங்கக்கூடியது. ஐந்தாம் நிலையில், வேகம்கூட இல்லாத கலத்தோடு, முழுப்பலம் பெற்ற கலத்துக்கென வகுக்கப்பட்ட இடத்தில் நிற்கிறீர்கள். மூன்று உயிர் என்று திரை காட்டும்; உண்மையில் இருப்பது ஒன்றே.

இதற்கு முதற் பதிலைக் கொனாமியே மறு ஆண்டில் சொல்லிவிட்டது. 1986இல் வந்த சலமாண்டரில் இருவர் ஒரே நேரத்தில் விளையாடலாம். ஆயுதங்கள் எடுத்த கணத்திலேயே கைக்கு வரும். இறந்த இடத்திலேயே மீண்டும் உயிர்த்தெழலாம். கைவிட்ட ஒப்ஷன்கள் திரையில் மிதந்துகொண்டிருக்க, விரைந்து போனால் திரும்பப் பொறுக்கிக்கொள்ளலாம். ஆனால் அந்த ஆறு கட்டங்கள் அங்கே இல்லை. இரக்கம் வந்தபோது கணக்குப் போய்விட்டது. இதைப் பலர் குறையாகவே உணர்ந்தார்கள் போலும்; லைஃப் போர்ஸ் என்ற பெயரில் அது யப்பானிலேயே மீண்டும் வந்தபோது கட்டங்களும் திரும்பி வந்தன.

1988இன் இரண்டாம் கிராடியஸ் தொடக்கத்திலேயே நான்கு வகை ஆயுதத் தொகுதிகளுள் ஒன்றைத் தெரிவு செய்யவிட்டது. செயற்கைச் சூரியன்களிலிருந்து நெருப்பு நாகங்கள் எழும் முதல் நிலையை இன்று பார்த்தாலும் அழகு குறையவில்லை. சாவின் தண்டனை அப்படியே இருந்தாலும், நிலைகள் நிதானமாக வகுக்கப்பட்டிருந்ததால் மீண்டெழ முடிந்தது. ஆர்கேட்டில் வந்தவற்றுள் சமநிலை கெடாதது இதுவே என்பது எம் கருத்து.

1989இன் மூன்றாம் கிராடியஸ் அந்த நிதானத்தைத் தொலைத்துவிட்டது. தெரிவுகள் பெருகின, ஆயுதங்களை ஒவ்வொன்றாகக் கோத்துத் தமக்கென ஒரு தொகுதியே அமைக்கலாம். ஆனால் பத்து நிலைகள், ஒவ்வொன்றும் நீளம், கடினமோ அளவுகடந்தது. பளிங்குக் கட்டைகள் பறந்து வரும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய சதுரக் கட்டைகள் உங்கள் கலத்தைக் குறிவைத்து வந்து ஒன்றோடொன்று ஒட்டிச் சுவராக எழும். ஒவ்வொரு முறையும் அவை வேறுவிதமாக வருவதால் மனப்பாடம் செய்து தப்ப முடியாது. அங்கே ஒதுங்க ஒரு சிறு இடைவெளி விடாமல் போனால், எவ்வளவு திறமை இருந்தும் நசுங்கிச் சாக வேண்டியதுதான். மூன்று நிலைகளோடு முடியும் தொடக்கநிலைப் பாதை ஒன்றையும் சேர்த்துவைத்தார்கள் என்பதிலிருந்தே, செய்தவர்களுக்கும் அதன் கடுமை தெரிந்திருந்தது என்று கொள்ளலாம். 1990இல் சூப்பர் ஃபமிகொமுக்கு வந்த பதிப்பு மிகவும் தணிந்தது. எதிரிகள் கூடும்போது கருவி திணறிக் காட்சி மெதுவாகும். அந்தத் திணறலே ஆட்டக்காரருக்கு உதவியாக அமைந்தது வேடிக்கை.

1997இல் பிளேஸ்ரேஷனுக்கு மட்டும் வந்த கிராடியஸ் கைடன், ஆறு கட்டங்களின் வரிசையையே ஆட்டக்காரர் மாற்றி அடுக்கலாம் என்றது. இறந்தபின் முதற் குளிகையிலேயே ஒப்ஷன் வேண்டுமென்றால் அதை முன்னே வைத்துக்கொள்ளுங்கள். எளிய யோசனை, பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தது. 1990களின் இறுதியில் ஆர்கேட்டுக்கு வந்த நான்காம் பாகத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. இரண்டாம் பாகத்தைப் புதிய உடையில் மீண்டும் பார்த்ததுபோல் இருந்தது.

முழுமையான பதில் 2004இல், பிளேஸ்ரேஷன் 2க்கு வந்த ஐந்தாம் கிராடியஸில் கிடைத்தது. அதைச் செய்தது இக்கருகா என்ற விளையாட்டினால் பெயர்பெற்ற டிரெஷர் நிறுவனம். இசை ஹிட்டோஷி சகிமோட்டோ. ஆறு கட்டங்களும் உண்டு. இறந்த இடத்திலேயே எழுந்து, சிதறிய ஒப்ஷன்களைப் பிடித்துக்கொள்ளும் வசதியும் உண்டு. 1985இன் கணக்கையும் 1986இன் இரக்கத்தையும் ஒன்றாக வைக்கலாம் என்று காட்டியது அது. ஒப்ஷன்களை ஓரிடத்தில் உறையச் செய்யவும், வேண்டிய திசையில் சுடத் திருப்பவும், கலத்தைச் சுற்றிச் சுழலவிடவும் தனிப் பொத்தான் தந்தார்கள். கதையிலும் ஒரு திருப்பம்: இரண்டாம் நிலையில் எங்கிருந்தோ வந்து உங்களுக்குத் துணைநிற்கும் விக் வைப்பர், எட்டாம் நிலையில் காலத்தைக் கடந்து திரும்பி வரும் நீங்களே.

ஜெ. ம., மானிப்பாய்: இவ்வளவு கடினமான விளையாட்டில் கடைசி எதிரி ஒன்றுமே செய்யாமல் இருப்பதாக நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

உண்மை. முதற் கிராடியஸின் முடிவில் காத்திருப்பது அசையாத ஒரு பெரிய மூளை. அது சுடுவதில்லை, பிடித்துவைத்திருக்கும் இணைப்புகளைச் சுட்டு அறுத்தால் கதை முடிந்தது. இரண்டாம் பாகத்தில் ஒரு பெரிய தலை வந்து பேசிவிட்டுச் சாகிறது. இது பின்னர் வழக்கமாகவே நிலைபெற்றுவிட்டது. ஈஸ்டர் தீவின் மோஆய் என்ற கற்சிலைகள் வாயிலிருந்து வளையம் வளையமாக உமிழ்வது மற்றொரு வழக்கம். தன் வழக்கங்களைத் தானே கேலி செய்யும் துணிவும் கொனாமிக்கு இருந்தது: 1988இல் எம்எஸ்எக்ஸ் கணினிக்கும், 1990இல் ஆர்கேட்டுக்கும் வந்த பரோடியஸில் விக் வைப்பரோடு பென்குயினும் ஒக்டோபஸும் பறக்கின்றன, பின்னணியில் மேற்கத்தியச் சாஸ்திரிய இசை.

இ. ர., திருநெல்வேலி: இத்தனை புகழ் பெற்ற தொடர், எங்கள் தலைமுறையில் யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கும் தெரியாமற் போனது எப்படி?

ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிராடியஸின் ஆர்கேட் பொற்காலம் 1985 முதல் 1990 வரை. இங்கே அவை என்ன ஆண்டுகள் என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அதன்பின் குடாநாட்டில் மின்சாரமே இல்லாத ஆண்டுகள். மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனறேற்றரையும் ரீவியையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்து, ஊர் கூடி இரவிரவாகப் படம் பார்த்த காலம். அந்த ஜெனறேற்றரில் ரீவி கேம் ஓடவிட யார் சம்மதித்திருப்பார்கள்? பிற்பாடு மின்சாரமும் பாதையும் வந்து, பல விளையாட்டுகள் ஒன்றாக அடங்கிய மலிவான கசெட்டுகள் கடைகளை எட்டியபோது, முன்வரிசையில் நின்றவை கொன்ராவும் மரியோவும். இருவர் சேர்ந்து விளையாடக்கூடிய கொன்ரா இருக்கும்போது, ஒருவர் விளையாட மற்றவர் காத்திருக்க வேண்டிய கிராடியஸை, அது கசெட்டில் இருந்தாலும், எந்த அண்ணன் தம்பியும் தெரிவு செய்திருக்க மாட்டார்கள்.

ஒரு தாயார், சாவகச்சேரி: பன்னிரண்டு வயது மகன் இந்தத் தொடரைக் கேட்கிறான். இப்போது வாங்க முடியுமா? அவனுக்கு ஏற்றதா?

முடியும். 2025 ஓகஸ்டில் கிராடியஸ் ஒரிஜின்ஸ் என்ற தொகுப்பு பிளேஸ்ரேஷன் 5, ஸ்விட்ச், எக்ஸ்பொக்ஸ், கணினி ஆகியவற்றுக்கு வந்திருக்கிறது. பழைய விளையாட்டுகளைப் பிழையறப் புதுப்பிப்பதில் பெயர்பெற்ற எம்2 நிறுவனம் அதனைச் செய்தது. முதல் மூன்று ஆர்கேட் கிராடியஸ்கள், சலமாண்டர், லைஃப் போர்ஸ், சலமாண்டர் 2 ஆகியவற்றோடு, சலமாண்டர் III என்று முற்றிலும் புதிதாக ஒன்றும் அதில் உண்டு. சுடுவது எல்லாம் விண்கலங்களையும் விநோத உயிரினங்களையும்தான். மனிதரைச் சுடுவதோ குருதியோ இல்லை. சலமாண்டரில் ஓர் உயிரினத்தின் உடலுக்குள் செல்லும் காட்சிகள் சில பிள்ளைகளுக்கு அருவருப்பைத் தரலாம்.

கடினத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். விளையாட்டைச் சிறிது பின்னோக்கி ஓட்டித் தவறைத் திருத்தும் வசதியும், கலம் சாகாத ஒரு முறையும், ஒரு நிலையை மட்டும் எடுத்துப் பயிலும் முறையும் தொகுப்பில் உள்ளன. மூன்றாம் கிராடியஸில் தொடங்கவிடாதீர்கள். சலமாண்டரில் தொடங்கினால் வீட்டில் இன்னொருவரும் கூட விளையாடலாம், அதற்கு இரண்டாவது கொன்ட்ரோலர் தேவைப்படும். மேலே நாம் புகழ்ந்த கைடனும் ஐந்தாம் கிராடியஸும் இத்தொகுப்பில் இல்லை என்பதையும், வாங்குவதற்கு முன்னரே மகனிடம் சொல்லிவையுங்கள்.